பூரணத்தின் பெட்டிசம்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. புது மந்திரி ஒருவரின் பிரசங்கத்தைப் பத்திரிகையில் பாதி வாசித்திருந்தேன். படலை திறந்த சத்தம் கேட்டது.

பார்த்தால், பூரணம். அடுத்த ஒழுங்கையில் குடியிருக்கும் பிள்ளை. கையில் நீளமான பழுப்பு உறை. முத்திரை ஒட்டும் இடத்தில் கிரீடம் அச்சடித்திருந்தது. அரசாங்கக் கடிதம்!

"பெரியையா, இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ. நான் தமிழிலைதானே எழுதினனான்? அவையள் ஏன் இங்கிலீசிலை எழுதியிருக்கினம்?"

நியாயமான கேள்விதான். பதில் சொல்வதற்கு முன், வாசகர்களே, உங்களை மூன்று மாதம் பின்னே கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

புது அரசாங்கம் என்றால் புது மாப்பிள்ளை மாதிரி. வந்த கையோடு வாக்குறுதிதான். கொடி என்ன நிறம், விடுமுறை எந்த நாள், எந்த மந்திரி எந்த ஊருக்கு வருவார்... வாசிகசாலை ரேடியோவுக்கு முன்னால் தினமும் ஒரு கூட்டம். அப்படி வந்த அறிவிப்புகளில் ஒன்று — இனிமேல் பொதுசனங்கள் அரசாங்கக் கந்தோர்களுக்குத் தங்கள் தாய்ப்பாஷையிலேயே எழுதலாம்!

கூட்டம் கைதட்டியது. நான் தட்டவில்லை. ஏன்? கரவெட்டியிலிருந்து உடுப்பிட்டி வரை, அரசாங்கத்துக்கு இங்கிலீசில் மனு எழுத வேண்டும், பெட்டிசம் போட வேண்டும் என்றால் நான்தான். கொழும்புக் கந்தோரில் முப்பது வருஷம் கிளாக்கராக இருந்து பென்சன் எடுத்து வந்தவன். என் இங்கிலீசைப் பார்த்தால் துரைமாருக்கே கண் கலங்கும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. (கிளப்பி விட்டது நான்தான்.) இனி யார் என்னைத் தேடி வருவார்கள்?

அன்று பின்னேரமே பூரணம் வந்தாள், ஒரு கொப்பித்தாளும் பேனையும் கேட்டுக்கொண்டு.

அவளுடைய புருஷன் நல்லையா கொழும்பில் ஓர் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். கலியாணம் முடித்து ஏழு வருஷம். வருஷப்பிறப்புக்கு வருவார், நல்லூர்த் தேருக்கு வருவார், தீபாவளிக்கு லீவு கிடைத்தால் வருவார். மிச்ச நாளெல்லாம் கடிதம். யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் கேட்டு அவருடைய கந்தோருக்கு நான் இரண்டு பெட்டிசம் எழுதிக் கொடுத்திருந்தேன். இரண்டும் கிணற்றில் போட்ட கல்.

"இந்த முறையும் நானே எழுதித் தாறன், பிள்ளை" என்றேன்.

"வேண்டாம், பெரியையா. நீங்கள் எழுதினால் உங்கடை சொல்லுத்தான் வரும். என்ரை சொல்லு வராது."

சுருக்கென்றது. என்ன செய்ய? எழுதட்டும் என்று விட்டேன். எழுதி முடித்துவிட்டு, பிழை பார்க்கச் சொல்லி நீட்டினாள்.

மேன்மைதங்கிய என்று தொடங்கவில்லை. தாழ்மையுடன் என்றும் இல்லை. 'ஐயா, எங்கடை வீட்டுக்காரர் வீட்டுக்கு வந்தால் தண்ணிச் செம்பு எங்கை இருக்கு எண்டு என்னைக் கேக்கிறார். அது அடுப்படியிலை, கதவுக்குப் பின்னாலைதான் ஏழு வருஷமாய் இருக்கு. தன்ரை வீட்டிலை செம்பு எங்கை எண்டு தெரியாமல் ஒரு மனுசன் இருக்கலாமோ? அவர் வந்தால் சொல்லவேணும் எண்டு எவ்வளவோ கதை சேர்த்து வைக்கிறன். வந்த உடனை எல்லாம் மறந்துபோகுது. நினைவு வரேக்கை அவர் கொழும்புக் கோச்சியிலை ஏறிப்போடுவார். அவரை இஞ்சாலைப் பக்கம் அனுப்பிவிடுங்கோ.'

ஒரு பிழையும் இல்லை. பிழை இருந்திருந்தாலும் என் கண்ணுக்குத் தெரிந்திருக்காது.

ஏனென்றால் நானும் அதே கேள்வியைக் கேட்டவன். முப்பது வருஷம், ஒவ்வொரு லீவுக்கும். என் மனைவி ஒன்றும் சொல்ல மாட்டாள், எடுத்துத் தருவாள். பென்சன் எடுத்து வந்துதான் செம்பு இருக்கும் இடம் எனக்குப் பழகியது. அடுத்த வருஷமே அவள் போய்விட்டாள். இப்போது கண்ணை மூடிக்கொண்டும் எடுப்பேன். அவள் எடுத்துத் தர ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டேனா என்று இருக்கிறது.

சரி. செவ்வாய்க்கிழமைக்கு வருவோம். உறையைப் பிரித்தேன். நாலே வரி. தமிழில் சொன்னேன்.

"உங்கள் கடிதம் கிடைத்தது. மேற்படி உத்தியோகத்தரை மாற்ற முடியாமைக்கு வருந்துகிறோம். எங்கள் பகுதியில் தமிழ்க் கடிதங்களைக் கவனிக்கத் தகுதியுள்ளவர் அவர் ஒருவரே. அப்படியான கடிதங்கள் நாளுக்கு நாள் கூடி வருகின்றன."

பூரணம் கிட்ட வந்து கடிதத்தை எட்டிப் பார்த்தாள்.

"கூடி வருகுதோ? அதிலை என்ரையும் ஒண்டோ?"

"ஓம், பிள்ளை. உன்ரையும் சேர்த்துத்தான்."

"அப்ப தமிழிலை எழுதி நான்தான் அவரை அங்கை கட்டிப்போட்டிருக்கிறன்!"

தமிழில் எழுதலாம் என்று அரசாங்கம் சொன்னது. எழுதினாள். எழுதியதை வாசிக்க ஒரு தமிழன் கொழும்பில் இருக்க வேண்டும் என்பதை அவளும் யோசிக்கவில்லை, கைதட்டியவர்களும் யோசிக்கவில்லை, தட்டாத நானும் யோசிக்கவில்லை.

திடீரென்று அவள் முகம் மாறியது.

"பெரியையா... அப்ப என்ரை கடிதத்தை அங்கை ஆர் வாசிச்சது?"

தமிழ் தெரிந்தவர் அங்கே அவர் ஒருவர்தானே! அவளுக்கே விளங்கிவிட்டது.

"ஐயோ! எல்லாத்தையுமெல்லே எழுதிப்போட்டன்!" சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் படலையைத் தாண்டினாள். உறை என் மடியிலேயே கிடந்தது.

வெள்ளிக்கிழமை நல்லையா வந்து இறங்கினார். தேரும் இல்லை, தீபாவளியும் இல்லை! மறுநாள் என்னிடம் வந்தார்.

"தமிழ்க் கடிதம் வந்தால் இங்கிலீசிலை மாத்தித் துரையிட்டைக் குடுக்கவேணும், பெரியையா. ஒரு நாள் உறையைப் பிரிச்சால் இவளின்ரை கையெழுத்து. ஒரு சொல்லும் விடாமல் மாத்திக் குடுத்தன்."

"செம்புக்கு இங்கிலீசிலை என்ன போட்டனீர்?" பழைய கிளாக்கர் புத்தி, கேட்காமல் இருக்க முடியவில்லை.

"தண்ணிப் பாத்திரம் எண்டுதான் போட்டன். வேறை என்ன சொல்லுக் கிடக்கு? துரை வாசிச்சுப்போட்டுச் சிரிச்சார். 'ஆர் இந்தப் புருஷன்?' எண்டார். 'நான்தான், சேர்' எண்டன். பிறகு சிரிக்கேல்லை. மாற்றம் தர வழியில்லை எண்டுபோட்டு, நாலு நாள் லீவிலை கையெழுத்து வைச்சார்."

"தமிழ்க் கடிதத்துக்குத் தமிழிலை பதில் போட்டால் என்ன?"

"தமிழ் வாசிக்க நான் இருக்கிறன். தமிழிலை டைப் அடிக்க மெசின் இல்லையே!"

ஏன் இங்கிலீசில் என்று பூரணம் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்தது. திங்கட்கிழமை நல்லையா திரும்பிப் போனார். மறுநாள் பூரணம் வந்தாள். கண் கொஞ்சம் வீங்கியிருந்தது. முகத்தில் என்னவோ ஒரு வெளிச்சமும் இருந்தது.

"வந்த உடனை என்ன செய்தவர் தெரியுமோ, பெரியையா? சேட்டும் கழட்டேல்லை. நேரை அடுப்படிக்குப் போய்க் கதவுக்குப் பின்னாலை இருந்த செம்பை எடுத்துத் தண்ணி குடிச்சவர். என்னை ஒண்டும் கேக்கேல்லை. எனக்கு அழுகை வந்திட்டுது."

"கதைச்சனீங்களோ?"

"போகும் வரை கதைச்சம். முடியேல்லை." கொஞ்சம் தயங்கினாள். "இன்னும் ரெண்டு கொப்பித்தாள் தருவியளோ?"

"புருஷனுக்குக் கடிதமோ?"

"இல்லை. அரசாங்கத்துக்கு."

எனக்கு விளங்கவில்லை. "நேரை அவருக்கே எழுதினால் என்ன?"

"அவருக்கு எழுத இருந்தால் 'நாங்கள் நலம், நீங்கள் நலமோ' எண்டதுக்கு மிஞ்சிக் கை ஓடுதில்லை, பெரியையா. வெக்கமாக் கிடக்கு. அரசாங்கத்துக்கு எண்டால் உள்ளதை எழுதலாம்."

எத்தனை வீட்டில் இப்படி இருக்கும்? என் வீட்டிலும் நலம், நலம் என்றே முப்பது வருஷக் கடிதம். நாங்களும் ஓர் அரசாங்கத்தை நடுவில் வைத்து எழுதியிருக்கலாம் என்று இப்போது ஏக்கமாக இருக்கிறது. ஒரு கொப்பியையே எடுத்துக் கொடுத்தேன்.

நேற்றைய பத்திரிகையில் ஒரு செய்தி. தாய்ப்பாஷைத் திட்டம் பெரும் வெற்றியாம். வடபகுதியிலிருந்து வரும் தமிழ்க் கடிதங்கள் கிழமைக்குக் கிழமை கூடுகின்றனவாம். மந்திரி மிகவும் மகிழ்ச்சி தெரிவித்திருக்கிறார்.

மகிழட்டும்... பூரணத்தின் கொப்பி இப்படிக் கரையக் கரைய, நல்லையாவுக்கு இனி இந்தப் பக்கம் மாற்றம் கிடைத்த மாதிரித்தான்!