அமீன் பாயாக இருந்தவர்

ஒருவர் நம்மை வேறு யாரோ என்று நினைத்துக்கொண்டால், அதைத் திருத்த நமக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது? முதல் நிமிஷத்தில் சொன்னால் இருவரும் சிரித்துவிட்டுப் போகலாம். ஒரு வாரம் கழித்துச் சொன்னால் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஒரு வருஷம் கழித்துச் சொன்னால் அது திருத்தம் இல்லை, வசவு. ஹபீபுர் ரஹ்மானின் வாழ்க்கை இந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டது. அவரும் ஒவ்வொரு தடவையும் முதல் நிமிஷத்தைத் தவறவிட்டார்.

பிறந்தது திருவல்லிக்கேணி. பிழைத்தது ஈக்காட்டுத்தாங்கலில், ஒரு சின்ன ஸ்பிரிங் பட்டறையில். மெஷின் சத்தத்துக்கு மேல் மற்றவர்கள் கத்திப் பேசக் கற்றுக்கொண்டார்கள்; இவர் தலையாட்டக் கற்றுக்கொண்டார். தலையாட்டுகிறவரைச் சம்மதிக்கிறவர் என்று உலகம் எடுத்துக்கொள்ளும். அவர் அதற்கும் தலையாட்டினார்.

கல்யாணமான புதிதில், மாமனார் வீட்டு விருந்தில், கூச்சத்தால் ஃபிர்னிப் பாயசக் கிண்ணத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். மாப்பிள்ளைக்குச் சர்க்கரை வியாதி என்று உள்ளே செய்தி போய்விட்டது. அன்றிலிருந்து அந்த வீட்டில் அவருக்குச் சீனி போடாத டீ. அவர் மனைவி ஜஹீதா சிரித்து ஓய்ந்து, "சொல்லிடுங்களேன்" என்றார். "அவ்ளோ அக்கறையா போட்டுத் தராங்க, இப்ப போயி எப்டி சொல்றது?" என்று இவர் குடித்துக்கொண்டே இருந்தார். முப்பது வருஷம் கழித்து நிஜமாகவே சர்க்கரை வந்தபோது, அந்த வீட்டில் ஒருவருக்கும் அது புதுச் செய்தியாக இல்லை.

டாக்டர் நடக்கச் சொன்னார். அதற்குள் மகன் வாங்கிய ஃபிளாட்டுக்கு, திருவான்மியூருக்கு, குடி வந்துவிட்டார்கள். அங்கே அவருக்கு யாரையும் தெரியாது. ஒருநாள் விடிகாலை கடற்கரையில் தலை குனிந்து நடந்துகொண்டிருந்தவரை, நெற்றி நிறைய விபூதியும் குரங்குக் குல்லாவுமாக ஒருவர் பாய்ந்து கட்டிக்கொண்டார்.

"அமீன் பாய்! நான் ஒரு முகத்தைப் பார்த்தா ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். அன்னிக்கு ராத்திரி ஆஸ்பத்திரி பெஞ்சுல என்னோட உட்கார்ந்துண்டு, கண்ணை மூடிண்டு, விடிய விடிய எங்கப்பாவுக்காக துவா பண்ணினேளே! கார்த்தால பேர் கேட்டேன், அமீன்னு சொல்லிட்டுக் கிளம்பிட்டேள். தேடாத இடம் இல்லை!"

அவர் சுவாமிநாதன், இன்ஷூரன்ஸ் ஆபீஸில் ரிட்டையரானவர். ஹபீபுர் ரஹ்மான் மறுக்க வாயைத் திறந்தார். எதிரே சுவாமிநாதனின் கண்ணில் தண்ணீர் நின்றது. திறந்த வாய்க்கு ஏதாவது வேலை கொடுத்தாக வேண்டும்.

"அப்பா சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டார்.

"அன்னிக்குப் பிழைச்சுண்டு, அப்புறம் பத்து வருஷம் ஜம்முனு இருந்துட்டுப் போனார். எல்லாம் உங்க துவா."

முதல் நிமிஷம் முடிந்துவிட்டது.

தாடியையும் தொப்பியையும் பார்த்த சுவாமிநாதன் முகம் வரைக்கும் வரவில்லை என்பதே உண்மை. இதில் ஹபீபுர் ரஹ்மானும் யோக்கியர் இல்லை. முதல் மாதம் முழுக்க அவர் சுவாமிநாதனை விபூதியையும் குல்லாவையும் வைத்தே அடையாளம் கண்டார். குல்லா இல்லாத ஒரு நாள், வேறொரு விபூதிக்காரருக்கு வணக்கம் சொல்லி, முட்டி வலி எப்படி இருக்கிறது என்று விசாரித்து, பாதி தூரம் அவரோடு நடந்தும் போனார். அந்த மனிதரும் முட்டி வலியைப் பற்றி விவரமாகச் சொன்னார்.

இரண்டு வருஷம் ஓடியது. தினமும் நடை, அப்புறம் கடலைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்காருவது. அந்தப் பேட்டையில் அவரைக் கண்டதும் முகம் மலர்ந்தவர் சுவாமிநாதன் ஒருவர்தான். சொன்னால் அந்த மலர்ச்சி போய்விடும். அது தனக்காக மலர்கிறதா, அமீனுக்காகவா என்று ஹபீபுர் ரஹ்மானுக்குத் தெரியாது; சொல்லிப் பார்த்தால்தான் தெரியும். அதற்குத்தான் பயம்.

வீட்டில் ஜஹீதா விடவில்லை.

"இன்னாங்க, இன்னிக்காவது சொன்னீங்களா?"

"இன்னிக்கு அவருக்கு மனசு சரியில்ல."

"நேத்து?"

"நேத்து தூறல் போட்டுக்கினு இருந்திச்சி."

"தூறல்ல சொன்னா பேரு நனைஞ்சிடுமா?"

பிறகு சுவாமிநாதன் பெண் சாருலதாவின் கல்யாணப் பத்திரிகை வந்தது. மேலே 'அமீன் பாய் குடும்பத்தினர்' என்று எழுதியிருந்தது. ஜஹீதா அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"நானு யாரு பொண்டாட்டியா வர்றது?"

"என் பொண்டாட்டியாதான்."

"அது சரி. நீங்க யாரா வரீங்க?"

கல்யாணம் மயிலாப்பூரில். பட்டு வேட்டியில் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்த சுவாமிநாதன், இருவரையும் நேரே பந்திக்கு இழுத்துப் போனார். அங்கே தாடியும் தொப்பியும் இல்லாத, பளபளவென்று சவரம் செய்த ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார்.

"சார், கோச்சுக்காதீங்கோ, ஒரு எலை தள்ளி உட்காருங்கோ. இவர் எங்களுக்கு ரொம்ப வேண்டியவர்."

பெரியவர் தன் அப்பளத்தைக் கையில் எடுத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார். சுவாமிநாதன் நின்றபடியே பந்தி முழுவதற்கும் கேட்கும்படி ஆஸ்பத்திரிக் கதையைச் சொல்லி, "அந்த அமீன் பாய் இவர்தான்!" என்று முடித்துவிட்டு, சம்பந்தி கூப்பிட்டதும் ஓடினார்.

பெரியவர் மெதுவாக இந்தப் பக்கம் சாய்ந்தார்.

"பாய், தப்பா நெனைக்காதீங்க. அந்த பெஞ்சுல உக்காந்தது நான். என் பேரு அமீன். அப்ப தாடி வெச்சிருந்தேன். மாப்பிள்ளையோட அப்பாவும் நானும் ஒரே பேங்குல இருந்தோம், அதான் வந்தேன்."

ஹபீபுர் ரஹ்மானுக்குப் பாயசம் புரையேறியது. ஜஹீதா அவர் முதுகைத் தட்டிக்கொண்டே காதைக் கொடுத்தார்.

"ஆனா ஒண்ணு," என்றார் அமீன், குரலை இன்னும் தாழ்த்தி. "துவாவும் இல்ல, ஒண்ணும் இல்ல. என் மச்சானுக்கு மூலம் ஆபரேஷன். கொசு கடிக்காத எடம் அந்த பெஞ்சு ஒண்ணுதான். பக்கத்துல இவரு அழுதுக்கினு இருந்தாரு, எழுந்து போனா நல்லா இருக்காதுன்னு உக்காந்தேன். அப்டியே தூங்கிட்டேன்."

ஜஹீதா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

"நான் போயி அவர்கிட்ட சொல்லிடட்டுமா?"

"வாணாம் பாய்!" ஹபீபுர் ரஹ்மான் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப சொல்லல. நாளைக்கு பெங்களூரு போறேன், பொண்ணு வீட்டோட இருக்கப் போறேன். இனிமே இந்தப் பக்கம் வர மாட்டேன். நீங்களே அமீனா இருந்துக்கோங்க. அந்தப் பேரால எனக்குப் பெருசா ஒரு லாபமும் இருந்ததில்ல" என்று சொல்லிவிட்டு அமீன் மோர் வாங்கிக்கொண்டார்.

ஆக, அவரைக் காட்டிக்கொடுக்கக்கூடிய ஒரே ஆளும் ஊரை விட்டுப் போய்விட்டார். இனி ஆயுசுக்கும் யாருக்கும் தெரியப்போவதில்லை.

கல்யாணக் களைப்பெல்லாம் தீர்ந்து சுவாமிநாதன் கடற்கரைக்கு வந்த முதல் நாள், "அமீன் பாய்!" என்ற கூப்பாடு கேட்டது. ஹபீபுர் ரஹ்மான் திரும்பி நின்றார்.

"சாமி சார், என் பேரு ஹபீபுர் ரஹ்மான். அமீன் நான் இல்ல. அந்த ஆஸ்பத்திரிக்கு நான் போனதே கெடயாது."

"போங்கோ பாய், கார்த்தாலயே விளையாட்டு."

ஹபீபுர் ரஹ்மான் சிரிக்கவில்லை. சுவாமிநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, காது, மூக்கு, தாடை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். "நான் ஒரு முகத்தைப் பார்த்தா..." என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

"கூப்பிட்டப்பல்லாம் திரும்பினேளே!"

"நீங்க கூப்ட்டீங்க, திரும்பினேன்."

"அப்போ அமீன் எங்கே?"

"கல்யாணத்துக்கு வந்திருந்தாரு. நீங்கதான் ஒரு எலை தள்ளி உக்காரச் சொன்னீங்க."

சுவாமிநாதன் மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். "ரெண்டு வருஷமா என்னை முட்டாளாக்கிட்டேள்."

"ஆமா சார்."

பிறகு எழுந்து, மணலைத் தட்டிக்கொண்டு, தனியாக நடக்க ஆரம்பித்தார். ஹபீபுர் ரஹ்மான் நின்ற இடத்திலேயே நின்றார். கொஞ்ச தூரம் போனதும் சுவாமிநாதன் நின்றார், திரும்பாமலே கேட்டார்.

"அந்த மனுஷர் அப்பாவுக்காக துவா பண்ணினது நிஜந்தானே?"

"ராத்திரி பூரா பண்ணாராம் சார்."

சுவாமிநாதன் தலையை மெல்ல ஆட்டினார். இன்னும் நாலடி நடந்துவிட்டு, "வரேளா, இல்லை அங்கேயே நிக்கப்போறேளா?" என்றார். பேர் எதுவும் சொல்லவில்லை. ஹபீபுர் ரஹ்மான் எட்டி நடந்து போய்ச் சேர்ந்துகொண்டார்.

வீட்டில் எல்லாவற்றையும் கேட்ட ஜஹீதாவுக்கு இரண்டு சந்தேகம். மாட்டிக்கொள்வோம் என்று பயந்த நாளெல்லாம் சொல்லாதவர், மாட்டவே மாட்டோம் என்று ஆன பிறகு எதற்காகச் சொன்னார்? சொன்னவர், தன் பேரைத் திருத்தியதுபோல அமீனின் தூக்கத்தையும் ஏன் திருத்தவில்லை?

ஜஹீதா அன்றைக்கும் கேட்டார், அதற்குப் பிறகும் எத்தனையோ தடவை கேட்டார். எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிற மனிதர், இதற்கு மட்டும் அதையும் செய்யவில்லை.