வடிதாளில் நீல இழை

வேலையிடத்தில் அவளைப் பூதக்கண்ணாடி என்றுதான் கூப்பிடுவார்கள்; அவசரத்துக்குப் பூதம். உடம்புக்குள் வைக்கிற கருவிகள் சரியான அளவில், அழுக்கில்லாமல் இருக்கின்றனவா என்று பார்ப்பதும், பார்ப்பதற்குப் புதுப்புது வழி கண்டுபிடிப்பதும் அவள் பிழைப்பு. வீட்டிலும் அந்தப் புத்தி போகாது. கழுவிக் கவிழ்த்த தம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். "தண்ணி குடிக்கப் போறியா, சான்றிதழ் கொடுக்கப் போறியா?" என்பார் கணவர்.

போன வருடம் அவளுக்குப் புற்றுநோய் வந்தது. மருந்து ஏற்றுவதற்காக மார்பில் தோலுக்கடியில் பொத்தான் அளவுக் கருவி ஒன்றைப் பதித்தார்கள். மயக்கம் தெளிந்ததும் அவள் முதலில் நினைத்தது டாக்டரை அல்ல. டாக்டருக்கு அப்புறம் நன்றி சொன்னாள். இந்தக் கருவியை எங்கேயோ ஒருத்தி அளந்திருப்பாள், கழுவிய நீரை வடித்து, கழுத்து வலிக்கக் குனிந்து பார்த்திருப்பாள். முகம் தெரியாத அந்தப் புண்ணியவதி நன்றாக இருக்கட்டும் என்று மனதார வாழ்த்தினாள்.

முடி கொட்டியபோது நுரையக்கா ஆஸ்பத்திரிக்கு வந்தாள். வேலையிடத்தில் கருவிகளைக் கழுவும் பிரிவுக்கு அவள்தான் தலைவி. கையில் தானே பின்னிய நீலக் கம்பளிக் குல்லாய். "மொட்டைத் தலையோட வந்தா மெஷினெல்லாம் பயந்து நின்னுடும்டி. இதைப் போட்டுக்கோ." அந்தக் குல்லாய் தலையில் ஏறிய பிறகுதான் பூதத்துக்கு மறுபடி மனிதர்களைப் பார்க்கத் தைரியம் வந்தது. வேலைக்குத் திரும்பியபோதும் காகிதத் தொப்பிக்குள் அதைப் போட்டுக்கொண்டாள். சோதனை அறைக்குள் கம்பளி கூடாது என்பது விதி. எல்லாரும் பார்த்தும் பாராததுபோல் இருந்தார்கள்.

இடுப்பு மூட்டுக்குள் வைக்கும் உலோகத் தண்டுகளுக்கு அவள் நோய்க்கு முன்பே புதிய சோதனை முறை ஒன்றை உருவாக்கியிருந்தாள். தண்டைத் தூய நீரில் அலசி, அந்த நீரை வடிதாளில் வடித்து, நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். பார்த்தாள். ஒவ்வொரு தாளிலும் நீல இழைகள். கழுவும் பிரிவில் துடைக்கிற துணியும் நீலம். வேறென்ன வேண்டும்? "கழுவுற வேலைய வெளியாளுக்குக் கொடுத்துடலாம். உங்க அறிக்கை வரட்டும்" என்றார் மேலாளர். நுரையக்காவின் வேலை அந்த அறிக்கையில் தொங்கிக்கொண்டிருந்தது. எழுதக் கை வராமல் பூதம் தவித்தாள்.

பத்து நாள் கழித்து நுரையக்காவே கதவருகில் வந்து நின்றாள். "விஷயம் கேள்விப்பட்டு, வெள்ளைத் துணிக்கு மாத்தி ஒரு வாரம் ஆச்சு. இன்னுமா நீலமா வருது?"

"ஆமாக்கா."

"அப்போ எங்கேருந்துடி வருது?"

அதைக் கண்டுபிடிக்கப் பூதத்துக்கு ஒரு வழி தெரியும். தண்டே இல்லாமல் வெறும் நீரை மட்டும் வைத்து அதே சோதனையைச் செய்வது. அப்போதும் ஏதாவது தெரிந்தால் அது சோதிக்கிறவரின் அழுக்கு. நோய்க்கு முன்னால் அதைச் செய்தபோது தாள் சுத்தமாக இருந்தது. அந்தப் பழைய முடிவையே நம்பி, திரும்பி வந்த பின் மறுபடி செய்யாமல் விட்டிருந்தாள். தம்ளரைக்கூட நம்பாதவள் தன்னை நம்பிவிட்டாள்.

வெறும் நீரை வடித்தாள். குனிந்தாள். நீல இழைகள் அப்படியே கிடந்தன. அவள் கை தானாகத் தலைக்குப் போனது. வெட்கம் பிடுங்கித் தின்றது. அதைவிடப் பெரிதாக நிம்மதி.

நேரே மேலாளரிடம் போனாள். "அழுக்கு அவங்களோடது இல்ல சார். என்னோடது."

அவர் குல்லாயைப் பார்த்துவிட்டு மேசையைப் பார்த்தார். "நாங்களும் பாத்துட்டு சும்மாதானேம்மா இருந்தோம். மறுபடி ஒரு தடவை செஞ்சு பாருங்க."

உடை மாற்றும் அறையில் விளக்கை அணைத்துவிட்டுக் குல்லாயைக் கழற்றினாள். வீட்டிலும் அப்படித்தான், அந்தத் தலையைக் கண்ணாடியில் பார்க்க அவளுக்கு மனம் இல்லை. காகிதத் தொப்பியை மாட்டிக்கொண்டு, குல்லாயை வெளியே நின்ற நுரையக்காவிடம் கொடுத்து விஷயத்தைச் சொன்னாள்.

"அடிப்பாவி! என் வாயில மண்ண அள்ளிப் போட நானே உக்காந்து பின்னியிருக்கேனா?" என்று நுரையக்கா தலையில் அடித்துக்கொண்டாள். இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

வெறும் நீரை வடித்தாள், பிறகு தண்டுகளை அலசிய நீரை. இந்த முறை எந்தத் தாளிலும் நீலம் இல்லை. வெளியே ஓடிவந்தாள். "ஒண்ணுமே இல்லக்கா! வெள்ளை வெளேர்னு இருக்கு. உங்க கைக்குக் கோயில் கட்டணும்" என்று அந்தச் சொரசொரப்பான கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். குனிந்ததில் காகிதத் தொப்பி நழுவி விழுந்தது.

"ஏய், அப்படியே இரு. முடி முளைச்சிருக்குடி!"

"சும்மா சொல்லாதீங்க."

"நீதான் எதையும் நம்ப மாட்டியே. அளந்துக்கோ."

பூதம் வாசலருகே மேசையிலிருந்த அளவுமானியை எடுத்துக் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்தாள். நுரையக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்துப் பார்த்தாள்.

"நாலு மில்லிமீட்டர்."

"இன்னொரு தடவை."

"நாலேதான்."

"மூணு தடவை அளக்கணும்க்கா. அதான் முறை."

மூன்றாவது முறை பதில் வரவில்லை. பூதம் நிமிர்ந்து பார்த்தாள். நுரையக்காவின் கண் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. எண் எங்கே தெரியப்போகிறது?

"பரவால்லக்கா," என்றாள் பூதம். "ரெண்டு போதும்."