ஏழாவது கதவு

அக்காவுக்கு மூன்று மொழிகளில் நூறு வரை எண்ணத் தெரியும். தமிழ், கன்னடம், தெலுங்கு, எதில் கேட்டாலும் ராகம் போட்டுச் சொல்வாள். எங்கள் லைன் வீடுகளில் எந்தப் பெண் எதிர்ப்பட்டாலும் அக்காவை நிறுத்தி எண்ணச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் அனுப்புவாள். அப்பாவுக்கு அதில் ஏகப் பெருமை. அப்படிப்பட்டவள் பன்னிரண்டு வயதில் என்னோடு நாலாம் வகுப்பில் ஏன் உட்கார்ந்திருக்கிறாள் என்று யாரும் கேட்டதில்லை. சோம்பல் என்று முடிவாகியிருந்தது.

ஊரிகத்தில் தங்கச் சுரங்கத்துக்காரர்களுக்குக் கட்டிய எல்லா லைன் வீடுகளும் ஒரே அச்சு. தண்ணீர்க் குழாயிலிருந்து ஏழாவது கதவு எங்களுடையது. அக்கா எண்ணிக்கொண்டே நடப்பாள். வாய் ஏழைத் தொடும்போது கால் மூன்றாவது வாசலில் இருக்கும், சில நாள் பத்தாவதில். எந்த வீடானாலும் உள்ளே போய் உட்கார்ந்து கதை பேசுவாள். அவர்கள் காபி கொடுத்து, கையைப் பிடித்துக் கொண்டுவந்து விடுவார்கள். "வம்பளக்கப் போயிட்டா" என்பாள் அம்மா. அதனால் பள்ளிவிட்டு அவளை வீடு சேர்ப்பது என் வேலையானது. எனக்கு அந்த வேலை பிடிக்கவே இல்லை.

பாண்டி ஆட்டத்தில் அவளைச் சேர்க்க மாட்டார்கள். கட்டத்துக்குள் கால் வைக்கத் தெரியாது. அவளைக் கூட்டிப்போனால் என்னையும் சேர்க்க மாட்டார்கள். ஒரு நாள் குழாயடியில் அவள் கையை உதறினேன்.

"உனக்குதான் எண்ணத் தெரியும் இல்ல? நீயே போ."

அவள் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு, "ஒண்ணு, ரெண்டு" என்று கிளம்பினாள். நான் திரும்பிப் பார்க்காமல் ஓடினேன்.

சுரங்கத்தில் வேலை குறைந்து, பணிக்கொடை வாங்கிக்கொண்டு பலர் பெங்களூருக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. எங்கள் லைனிலும் நாலைந்து வீடுகள் பூட்டிக் கிடந்தன. அக்காவின் ஏழு அன்று அப்படி ஒரு வீட்டில் முடிந்தது. தட்டியிருக்கிறாள். யாரோ வீட்டில் காபி குடிக்கிறாள் என்று அம்மா தேடவில்லை. தூறல் வேறு. ஷிப்ட் முடிந்து வந்த அப்பா, எங்கள் வீட்டுக்கு நாலு கதவு தள்ளி, பூட்டின் கீழே நனைந்தபடி உட்கார்ந்திருந்தவளைத் தூக்கி வந்தார். தட்டித் தட்டி அவள் விரல் முட்டிகள் சிவந்திருந்தன.

"நூறு எண்ணுறவளுக்கு ஏழு தெரியலியா? இன்னா திமிரு!" என்று அப்பா அவளைத்தான் திட்டினார். நான் கூடப் போகவில்லை என்று அவள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

"கரெக்டாதான் எண்ணுனேன்பா. அம்மா ஏன் தொறக்கல?" என்று மட்டும் கேட்டாள். எல்லோரும் சிரித்தோம். நான்தான் உரக்கச் சிரித்தேன்.

அதற்குப் பிறகு யார் கேட்டாலும் அவள் எண்ணவில்லை. நடக்கும்போது என் பின்னால் பேசாமல் வந்தாள். எனக்கு விளையாட நேரம் கிடைத்தது, ஆனால் கூடப் பேச ஆள் இல்லாமல் போயிற்று. கோபித்துக்கொண்டிருக்கிறாள், நாலு நாளில் சரியாகிவிடும் என்று காத்திருந்தேன்.

பல வருடங்கள் கழித்து பெங்களூரில் ஒரு டாக்டர் சொன்னார்: பிறவியிலேயே மரபணுவில் ஒரு துணுக்கு குறைவு. பேச்சு நன்றாக வரும். எது எங்கே இருக்கிறது, எத்தனை இருக்கிறது என்பதைக் கண் பார்த்தாலும் மூளை பிடித்துக்கொள்ளாது.

எனக்கு உறைத்தது வேறு. அவள் வழி தவறினாள் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அவளோ தன் வீட்டு வாசலுக்கே வந்து, உள்ளே நாங்கள் இருந்துகொண்டே திறக்கவில்லை என்று நினைத்திருக்கிறாள்.