எதிலும் கட்டாத கயிறு

எழுபதுகளில், தூத்துக்குடி மாதா கோவில் திருவிழாப் பொருட்காட்சியில் 'கடலுக்கடியில்' என்று, ஆட்களைப் பயமுறுத்தும் ஓர் இருட்டு ரயில் அமைத்தேன். வண்டி சரிவில் இறங்கும், ஈர வலை முகத்தில் உரசும். ஆனாலும் ஜனங்கள் சிரித்துக்கொண்டுதான் வெளியே வந்தார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது.

முத்துக்குளிப்பில் மூழ்குகிறவனின் கயிற்றைப் படகில் பிடித்திருப்பவன் அவன் மனைவியின் தம்பி. அக்காள் தாலி தன் கையில் என்ற நினைப்பு பிடியைத் தளர விடாது. அதை வைத்தே யோசித்தேன். வண்டியில் ஏறுகிறவர் கையில் கயிற்று நுனியைக் கொடுத்து, "பயந்தா இழுங்க, தூக்கிருவோம்" என்பேன். மறுநுனியை எதிலும் கட்டவில்லை. இழுத்தவர்களுக்குக் கயிறு தொளதொளவென்று கையோடு வந்தது. அலறல் தெருவரை கேட்டது.

வண்டி தள்ளும் சூசை அண்ணாச்சிக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. ஒரு காலத்தில் அவர் கயிறு பிடித்தவர். அவருடைய அக்காள் புருஷன் மூழ்கியவர், மேலே வரவேயில்லை.

ஒரு மத்தியானம், கூட்டமில்லாத நேரத்தில் நானே ஏறினேன். சரிவில் கயிற்றைச் சும்மா இழுத்துப் பார்த்தேன். அது விறைத்தது. பதிலுக்கு ஒரு வெட்டு வெட்டி இழுத்தது. கயிற்றை உதறிவிட்டு, வண்டியிலிருந்து குதித்து ஓடினேன்.

தட்டிக்குப் பின்னால் சூசை அண்ணாச்சி மறுநுனியை மணிக்கட்டில் சுற்றிப் பிடித்து நின்றார்.

"ஆள இறக்கிட்டு கயித்தப் பிடிக்காம இருக்கலாமா தம்பி?"

"அதான் நான் வந்துட்டேன்லா. விடுங்க அண்ணாச்சி."

"நீங்க வந்துட்டிய," என்றார் இருட்டைப் பார்த்தபடி. "அவரு இன்னும் ஏறலியே."

கயிற்றைப் பார்த்தேன். நான் விட்ட பிறகும் அது தொய்யவில்லை.

பயத்தைச் செய்யத் தெரிந்தவன் என்றுதான் என்னை நினைத்திருந்தேன். இன்றும் கிணற்றுக் கயிற்றைக்கூட மெதுவாகத்தான் இழுக்கிறேன்.