தூங்க விடுகிற கத்தி

நிலம் அளப்பவர்களுக்கு முன்னே போய்ப் புதர் வெட்டி வழி திறப்பது, இருபது வருஷமாக அவள் வேலை. மதியத் தூக்கத்தில் இடுப்பை உறுத்துகிறதென்று போன வாரம் கழற்றி வைத்த கத்தியைப் புல் விழுங்கிவிட்டது.

கடைக்காரர் எடுத்துப் போட்ட முழநீளக் கத்திகளில் அவள் கூர்மை பார்க்கவில்லை. ஒவ்வொன்றாக உறையோடு பெல்ட்டில் கோத்துக்கொண்டு, கடை வாசல் மரத்தடியில் ஒருக்களித்துப் படுத்துப் பார்த்தாள்.

“ஏம்மா, கத்தி வாங்க வந்தியா, பாய் வாங்க வந்தியா?”

“வெட்டுறதுக்கு எந்தக் கத்தியும் வெட்டும். சும்மா இருங்கண்ணே.”

முதல் கத்தியின் பிடி விலாவில் இடித்தது. இரண்டாவதன் உறைமுனை தொடையைக் குத்தியது. மூன்றாவதோடு படுத்தபோது தலைக்கு மேல் இலைகள் அசைந்தன. வெயில் பொட்டுப் பொட்டாக இமைமேல் விழுந்தது.

“இது எப்படிம்மா?”

பதிலுக்கு மெல்லிய குறட்டை வந்தது. கடைக்காரர் மற்ற இரண்டையும் சத்தம் வராமல் எடுத்து உள்ளே வைத்தார்.