தம்பிக்கு ஆப் பார்த்த மதியம்

கருமம், ஒரு கட்டுரையைச் சேமித்து வைக்க எதற்குப் பிறந்த தேதி? ஆரியசாலையில் தம்பியின் தார்ப்பாய்க் கடையில் உட்கார்ந்துகொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அவனுடைய போனில் ஆப் மாற்றி ஆப் இறக்கிக்கொண்டிருந்தேன். ஒன்று வாசிப்பில் என் லட்சியம் என்ன என்று கேட்டது. இன்னொன்று முதல் மாதம் இலவசம் என்று பல்லைக் காட்டிவிட்டு உடனே கார்டு எண்ணுக்குக் கை நீட்டியது. மூன்றாவது, தமிழ் எழுத்தையெல்லாம் கட்டம் கட்டமாகக் காட்டியது. சீ என்று அழித்தேன்.

அவன் வைத்திருந்த பழைய ஆப்பை மூடப்போகிறார்களாம். பின்னால் வாசிக்கலாம் என்று சேர்த்ததையெல்லாம் இன்ன தேதிக்குள் எடுத்துக்கொண்டு போய்விடுங்கள் என்று நோட்டீஸ் வந்திருந்தது. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதை. "அண்ணே, உங்களுக்குத்தான் இதெல்லாம் அறியும். நல்லதா ஒண்ணு பார்த்து இட்டுத் தாங்க" என்றான்.

எடுத்து மாற்றுவதற்காகப் பழைய பட்டியலைத் திறந்தேன். முழுக்க என் கட்டுரைகள். எங்கள் வீட்டையும் கடை இருக்கும் இந்தச் சாலைக் கடைத்தெருவையும் பற்றி ஒரு தமிழ் இணைய இதழில் மூன்று வருடமாக எழுதுகிறேன். ஒவ்வொன்றையும் குடும்ப வாட்ஸாப் குழுவில் போடுவேன். முதல் ஆளாகத் தம்பிதான் 'அடிபொளி அண்ணே' என்று மெச்சிப் பதில் போடுவான். இப்போது பார்த்தால், ஒன்று விடாமல் எல்லாவற்றிலும் இன்னும் வாசிக்கவில்லை என்று நீலப் புள்ளி.

எனக்கு வயிறு எரிந்தது. "லேய், ஒண்ணுகூட வாசிக்கலியா? பின்ன என்ன எளவுக்குலே அடிபொளி?"

அவன் சிரித்தான். "எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதுல்லா அண்ணே."

யோசித்துப் பார்த்தால் உண்மை. அப்பா எங்களைப் பங்கு பிரித்துத்தான் பள்ளிக்கு அனுப்பினார். மூத்தவன் கடைக்கு, அதனால் தமிழ்ப் பள்ளி. இளையவன் சர்க்கார் வேலைக்கு, இந்த ஊரில் அதற்கு மலையாளம் வேண்டும், அதனால் மலையாளப் பள்ளி. கடைசியில் நான் ஆபீசுக்குப் போனேன், அவன் கடையில் உட்கார்ந்தான். விடிந்தால் அடைந்தால் தமிழில் பேசுகிறோம், தமிழில் சண்டை போடுகிறோம். அவன் எந்த எழுத்தில் வாசிக்கிறான் என்று ஐம்பது வருடத்தில் எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. கடைப் பலகையை எழுத்துக்கூட்டுவான், அவ்வளவுதான்.

"அதான், வாய்விட்டு வாசிக்கற ஆப்பா வேணும். பழசுக்கு இங்கிலீஷ் மட்டும்தான் வந்துது" என்றான். "அப்பா போனதைப் பத்தி எழுதினீங்கல்லா, அதை முதல்ல கேக்கணும்."

"உன் வீட்டுக்காரி நாகர்கோவில்காரிதானே, அவ வாசிச்சுத் தர மாட்டாளா?"

"அவ மாட்டா" என்று சொல்லிவிட்டு, எழுந்து போய் ஃபேனைக் கூட்டி வைத்தான்.

அந்தக் கட்டுரை எனக்கு மனப்பாடம். அப்பா ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தபோது, தம்பி மலையோரம் வித்துராவைத் தாண்டி ஒரு எஸ்டேட்டில் சரக்கு இறக்கப் போயிருந்தான். எத்தனையோ தடவை கூப்பிட்டேன், கிடைக்கவில்லை. 'என் தம்பிக்கு அப்பாவைவிடத் தார்ப்பாய்தான் பெரிது' என்று எழுதினேன். அந்த மலையில் போனுக்கு ரேஞ்ச் கிடையாது என்று எனக்குத் தெரியும். அதைச் சேர்த்தால் வாக்கியம் மழுங்கிப்போகும் என்று விட்டுவிட்டேன். முகம் தெரியாதவர்கள் எல்லாம், எவ்வளவு நேர்மையான எழுத்து என்று பாராட்டினார்கள், வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன். அதற்கும் தம்பி 'அடிபொளி' போட்டான். வாசித்துவிட்டுப் பொறுத்துக்கொண்டான் என்று நினைத்து நிம்மதியாகவும் இருந்தேன். தூ, நானெல்லாம் ஒரு மனுஷன்.

நாலாவது ஆப் தமிழை நன்றாகவே வாசித்தது. வேறொரு கட்டுரையைப் போட்டு, போனைக் காதோடு ஒட்டிவைத்துக் கேட்டேன். ஒரு பெண் குரல், நிறுத்தி நிதானமாக, ழகரம்கூடச் சுத்தம். அந்த வாக்கியத்தையும் இவள் இதே நிதானத்தோடு வாசிப்பாள்.

"இதும் சரியில்லலே, தமிழைக் கடிச்சுத் துப்புது" என்று சொல்லி அழித்தேன். ஐந்தாவதாக ஒன்றை இறக்கினேன். அதில் தமிழ்க் குரல் இல்லை என்று முதல் பக்கத்திலேயே ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. "இருக்கதுல இதான் நல்லது" என்று நீட்டினேன். ஒரு தடுமாற்றமும் இல்லாமல் அந்தப் பொய் வாயில் வந்ததை நினைத்தால் இப்போதும் குமட்டுகிறது. சொந்தத் தம்பியை ஏமாற்ற ஆப் தேர்ந்தெடுத்தவன் ஊரில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

அவன் நாலைந்து தடவை அமுக்கிப் பார்த்தான். "பேசலியே அண்ணே."

"தமிழுக்கு எவன் மெனக்கெடுவான்? விடு."

"அப்போ நீங்களே வாசிங்க. எழுதின ஆள் பக்கத்துல இருக்கப்போ ஆப் எதுக்கு?" ஸ்டூலை இழுத்துப்போட்டு எதிரில் உட்கார்ந்தான்.

தப்பிக்க வழியில்லை, வாசித்தேன். அந்தப் பத்தி வந்ததும் கட்டைவிரலால் ஒரு தள்ளு தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போனேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். எனக்கு ஒரு விரல் போதுமாக இருந்தது. அப்பா தண்ணீர் கேட்டது, பிறகு வேண்டாம் என்றது, என் கையைத் தம்பியின் கை என்று நினைத்து அவனோடு கடைச் சாவியைப் பற்றிப் பேசியது, எல்லாம் வாசித்தேன். அவன் அசையாமல் கேட்டான். சாவி வந்த இடத்தில் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தான். முடித்துவிட்டுப் போனைக் கீழே வைத்தேன்.

"அண்ணே, ஒரு பாரா விட்டுட்டீங்க."

நான் போனை எடுத்து அந்தப் பக்கத்தை மூடினேன்.

"அதை மட்டும்தான் என் வீட்டுக்காரி எனக்கு வாசிச்சுக் காட்டினா. அதுக்கு மேல வாசிக்க மாட்டேன்னு எழுந்து போயிட்டா. அப்பா கடைசில எப்படி இருந்தார்னு அதுக்குப் பொறவு எழுதியிருப்பீங்கல்லா, அதைக் கேக்கத்தான் அண்ணே ஆப் தேடினேன்."