ஒன்பதாம் இலக்க ஜேர்சி

பேர்ணடெற்றுக்கு உதைபந்தாட்டத்தைப் பற்றித் தெரிந்ததெல்லாம் சட்டைகளின் முதுகுகளில் படித்ததுதான். கனடாவில், மில்லிக்கனில் ஒரு பிளாசாவின் பின்பக்கம், விளையாட்டு ஜேர்சிகளுக்குப் பெயரும் இலக்கமும் பதிக்கும் சிறிய பட்டறையில் அவள் வேலை செய்தாள். வெட்டிய வினைல் எழுத்துகளைச் சட்டையில் வைத்து, சூடான பிறெஸ்ஸை இழுத்து மூடி, பதினைந்து விநாடி எண்ணித் திறக்க வேண்டும். கழுத்துப் பட்டிக்குக் கீழே பெயர் எவ்வளவு தள்ளி வரவேண்டும் என்று மற்றவர்கள் அடிமட்டம் வைத்து அளப்பார்கள். அவள் தன் நாலு விரலை வைப்பாள். மேற்பார்வை பார்க்கும் அருள்நாயகம் முதல் மாதம் முழுவதும் அளந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டார். விரல் ஒரு நாளும் பிழைத்ததில்லை.

அவள் முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவள். கணவன் அலெக்ஸாண்டர் கடலுக்குப் போய் வரவில்லை. இரண்டாயிரத்து ஆறில், நாற்பத்தொரு வயதில், பதின்மூன்று வயது மகள் நிலாணியைத் தங்கையிடம் விட்டுவிட்டுக் கனடாவுக்கு வந்தாள். ஒரு வருடத்துக்குள் எடுத்துப்போடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தாள். அகதி வழக்கு முடியவே இரண்டரை வருடம் ஆகிவிட்டது. மகளைக் கூப்பிடும் விண்ணப்பத்தை அனுப்பிய கிழமையே டோர்செட் பார்க்கில் ஒன்பதாம் மாடியில் ஓர் அறையை எடுத்து, நிலாணிக்கு ஒரு கட்டிலும் மெத்தையும் வாங்கினாள். மெத்தையைச் சுற்றியிருந்த பிளாஸ்ரிக்கைக் கழற்றவில்லை. வருபவளே கழற்றட்டும் என்று வைத்திருந்தாள்.

இரண்டாயிரத்து ஒன்பது ஜனவரியில், காலைத் தேநீர் இடைவேளையில், தங்கையின் அழைப்பு வந்தது. எப்படியோ ஒரு தொலைபேசி கிடைத்திருந்தது. தங்கை மூச்சு விடாமல் பேசினாள்.

"அக்கா, இயக்கத்துக்கு வீட்டுக்கு ஒராள் வேணுமெண்டு வந்து நிக்கிறாங்கள். நேற்று எங்கடை ஒழுங்கையிலை ரெண்டு பெட்டையளைப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள்."

"இவளுக்கு இன்னும் பதினாறும் ஆகேல்லையேடி."

"இப்ப ஆர் வயசு பாக்கினம்? தாலி கட்டினதுகளை இன்னும் தொடேல்லை. பக்கத்து வளவுப் பெடியன் வினோதன் இருக்கிறான், நல்லவன். தாயும் ஓமெண்டிட்டா. நீங்கள் ஒரு முடிவு சொல்லுங்கோ, போனுக்கு ஆக்கள் வரிசையிலை நிக்கினம்."

இடைவேளை முடிய இன்னும் மூன்று நிமிடம் இருந்தது.

"கட்டிவிடு. இண்டைக்கே கட்டு. சும்மா பேருக்குத்தானே, பிறகு பாப்பம். அவளிட்டைக் குடு போனை."

நிலாணியின் குரல் தூரத்தில் கேட்டது. "அம்மா, எனக்கு இது வேண்டாம்."

"வாயை மூடிக்கொண்டு சித்தி சொல்லுறதைக் கேள்," என்றாள் பேர்ணடெற். அத்தோடு இணைப்பு அறுந்தது. அவள் போய்ப் பிறெஸ்ஸைத் திறந்தாள். மகளின் கலியாணத்தை முடித்துவிட்டு, மிச்சமிருந்த ஹொக்கிச் சட்டைகளையும் முடித்தாள்.

அதற்குப் பிறகு தொலைபேசி இல்லை.

ஏப்ரல் கடைசியில் அந்தப் பெரிய ஓடர் வந்தது. பசிபிக் தீவு நாடுகளின் பதினேழு வயதுக்குட்பட்ட பெண்கள் உதைபந்தாட்டப் போட்டி. எட்டு நாடுகள், நாட்டுக்கு இருபது பேர், நூற்றறுபது சட்டை. ஜூலையில் போட்டி. மேயில் சட்டைகள் விமானம் ஏற வேண்டும். இடைத்தரகர் யாரோ அதை இந்தப் பட்டறைக்குத் தள்ளிவிட்டிருந்தார்.

"உந்தத் தீவுகள் எங்கை கிடக்கெண்டு எனக்குத் தெரியாது," என்றார் அருள்நாயகம், பெயர்ப் பட்டியலைக் கண்ணுக்குத் தூரமாகப் பிடித்துக்கொண்டு. "ஆனா உவளவையின்ரை பேரைப் பாரன் பேர்ணடெற். ஒருத்தியின்ரை பேர் இந்தத் தோளிலை துடங்கி அந்தத் தோளிலையும் முடியாது போலை. முதுகை அகலமா வளக்கச் சொல்லி எழுதிப்போடட்டே?"

"உங்கடை பேரை அடிச்சா மட்டும் என்னவாம்? முழங்கை மட்டும் வரும்."

அவர் சிரித்தார். அந்த மாதங்களில் பட்டறையில் யாராவது சிரித்தால் மற்றவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

நாடுகள் தங்கள் பதிவுப் படிவத்தையே அப்படியே அனுப்பியிருந்தன. அதனால் பெயர், இலக்கம், அளவு என்பவற்றோடு பிறந்த திகதியும் அதில் இருந்தது. வேலைக்குத் தேவையில்லாத அந்த வரிசையைத்தான் பேர்ணடெற் முதலில் படித்தாள். எல்லாம் தொண்ணூற்று மூன்று, தொண்ணூற்று நாலு. ஒரு சின்னத் தீவின் ஒன்பதாம் இலக்கக்காரி நிலாணிக்கு மூன்று நாள் மூத்தவள். பெயர் சேலினா. அளவு மீடியம்.

"ஒன்பது எண்டால் எந்த இடத்திலை நிக்கிறது அண்ணை?"

"முன்னுக்கு. கோல் அடிக்கிற ஆள்."

"அப்ப கெட்டிக்காரியாத்தான் இருப்பாள்," என்றாள். அந்தச் சட்டைக்கு மட்டும், விரலை வைத்த பிறகு அடிமட்டத்தையும் வைத்துப் பார்த்தாள்.

மே மாதம் அருள்நாயகம் இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. போரை நிறுத்தச் சொல்லி நெடுஞ்சாலையில் ஏறி நின்ற சனத்தோடு நின்றுவிட்டு, தொண்டை கட்டி வந்தார். அங்கே ஏன் வரவில்லை என்று அவளைக் கேட்டார்.

"நான் அங்கை நிக்கேக்கை போன் வந்தால்?"

"போனைக் கையிலைதானே வைச்சிருக்கிறாய்."

"சத்தத்திலை கேக்காது அண்ணை."

பதினெட்டாம் திகதி திங்கட்கிழமை அரச விடுமுறை. ஊரில் போர் முடிந்துவிட்டது என்று தொலைக்காட்சி சொன்னது. செவ்வாய் காலை ஏழு மணிக்கு அவள் வேலையில் நின்றாள். அருள்நாயகமும் நின்றார். வழமையாகப் பாடும் றேடியோவை ஒருவரும் போடவில்லை. அன்று எண்பத்திரண்டு சட்டைகள் பதித்தாள். ஒன்றும் பிழைக்கவில்லை. அதைப் பற்றிப் பிறகு நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

பெட்டிகளை மூட இருந்த நாளில், அருள்நாயகம் ஒரு மின்னஞ்சலை அச்செடுத்துக் கொண்டுவந்தார். பட்டியலில் சேலினாவின் பெயர் மேல் அடிமட்டம் வைத்து ஒரு கோடு இழுத்தார்.

"உவளை ரீமிலையிருந்து எடுத்துப் போட்டினம். ஞானஸ்நானப் பேப்பரிலை ஒரு வயசாம், பாஸ்போட்டிலை இன்னொரு வயசாம். பேரைக் கழட்டிப்போட்டு வேறை ஆளின்ரை பேரை அடிக்கட்டாம்."

"அவளுக்குத் தன்ரை வயசு தெரியாதாமோ?"

"அவளை ஆர் கேக்கிறது? பேப்பரைத்தான் கேப்பினம்."

பதித்த எழுத்தை மீண்டும் சூடாக்கி, குறடால் பிடித்து இழுத்தால் உரிந்து வரும். ஆனால் அடையாளம் போகாது, அதனால் வேறு பெயரைப் புதுச் சட்டையில்தான் பதிக்க வேண்டும். அப்படிப் பழுதான சட்டைகள் துடைக்கும் துணிப் பெட்டிக்குள் போகும். பேர்ணடெற் இதைக் கேட்டு வாங்கினாள். வீட்டுக்குக் கொண்டுபோய், மெத்தையின் பிளாஸ்ரிக்குக்கு மேல் மடித்து வைத்தாள். பெயர் இல்லை, இலக்கம் மட்டும் இருந்தது. நிலாணிக்கும் மீடியம்தான் அளவாக இருக்கும் என்று ஒரு கணக்கு.

ஜூனில், போருக்குத் தப்பி முகாம்களில் இருப்போரின் பெயர்ப் பட்டியல்கள் மின்னஞ்சலில் வரத் தொடங்கின. தேவாலய மண்டபத்தில் யாரோ அச்செடுத்து வைத்தார்கள். வேலை முடிந்து பஸ் ஏறி அங்கே போய், கதிரையில் இருந்து ஒவ்வொரு தாளாகப் பார்த்தாள். அலெக்ஸாண்டர் நிலாணி, பதினாறு வயது. இரண்டு கிழமை தேடினாள். ஆயிரக்கணக்கான பெயர்கள். அலெக்ஸாண்டர்கள் பலர் இருந்தார்கள், ஒருவருக்கும் நிலாணி என்று பிள்ளை இல்லை. மூன்றாம் கிழமை தேடுவதை நிறுத்தி, நிலாணியின் பெயருக்குப் பூசை ஒப்புக்கொடுக்கலாமா என்று சுவாமியாரிடம் கேட்டாள். எந்தப் பூசை, உயிரோடு இருப்பவர்களுக்கா மற்றதா என்று அவர் கேட்டார். அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

அதை அருள்நாயகத்திடம் சொன்னபோது அவர் சாப்பாட்டுப் பெட்டியை மூடி வைத்தார்.

"நீ ஆரின்ரை பேரிலை தேடினனீ?"

"தகப்பன்ரை பேரிலைதான். வேறை ஆரின்ரை?"

"விசரி. அவள் கலியாணம் கட்டினவள் எல்லோ."

பேர்ணடெற் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு சட்டைப் பெட்டி ஒன்றின் மேல் இருந்துவிட்டாள். தானே மூன்று நிமிடத்தில் முடித்துவைத்த கலியாணம் ஒரு தடவைகூட அவள் ஞாபகத்துக்கு வரவில்லை. அன்று பின்னேரம் இருவருமாகப் போய்த் தேடினார்கள். அரை மணித்தியாலத்தில் அகப்பட்டது. வினோதன் நிலாணி, வயது பதினெட்டு, மனைவி. கலியாணத்துக்குத் தோதாக வயதையும் கூட்டியிருந்தார்கள்.

விண்ணப்பப் படிவங்கள் நிரப்பும் இராஜரட்ணத்தின் அலுவலகம் ஒரு மளிகைக் கடைக்கு மேல் இருந்தது. அவர் பட்டியலையும் அவளுடைய கோப்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அக்கா, கட்டின பிள்ளையைத் தாயின்ரை பேப்பரிலை எடுக்கேலாது. இது விசா ஒஃபிஸின்ரை கடிதம். மகளின்ரை நிலைமையை உறுதிப்படுத்தச் சொல்லிக் கேட்டிருக்கினம். முப்பது நாள் தந்திருக்கினம்."

"அது கலியாணமே இல்லைத் தம்பி. பிடிச்சுக்கொண்டு போகாமல் இருக்கக் கட்டினது."

"எனக்கு விளங்குது. இலங்கைச் சட்டத்திலையும் பதினெட்டுக்குக் கீழை கட்டினது செல்லாதுதான். பிறப்புச் சாட்சிப் பத்திரம் இருக்கு. பிள்ளை தன்ரை கையாலை ஒரு கடிதம் எழுதட்டும், நான் ஆரையும் கட்டேல்லை, பயத்திலை பதிஞ்சனான் எண்டு. அவ்வளவும் காணும். பிள்ளை வந்திடும்."

ஆகவே எல்லாம் ஒரு கடிதத்தில் வந்து நின்றது. ஒரு கன்னியாஸ்திரி மூலம் முகாமுக்குச் செய்தி அனுப்பினாள். பதினோராம் நாள் காலை எட்டரைக்கு, பிறெஸ் சூடேறிக்கொண்டிருந்தபோது, தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது.

"அம்மா."

பேர்ணடெற் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "என்ரை குஞ்சு. சாப்பிட்டியே? சித்தி எங்கை?"

"சித்தி இல்லை அம்மா. ஏப்ரலிலை ஷெல் விழுந்தது. வினோதன்ரை தாயும் அதே இடத்திலைதான்."

பேர்ணடெற் அழத் தொடங்கினாள். மகள் அழவில்லை. "போன் இரவல் அம்மா. கெதியாச் சொல்லுங்கோ," என்றாள்.

தாய் கடிதத்தைப் பற்றிச் சொன்னாள்.

"அவனை ஆமிக்காரர் பஸ்ஸாலை இறக்கிக் கூட்டிக்கொண்டு போட்டினம். எங்கை எண்டு தெரியாது. பெண்சாதி எண்டபடியாத்தான் என்னட்டை ஒரு கடுதாசித் துண்டு தந்தவை. அதைக் காட்டித்தான் ஒவ்வொரு இடமாக் கேக்கிறன். நான் கட்டேல்லை எண்டு எழுதினால் அவனை ஆர் கேக்கிறது?"

"பிள்ளை, அது சும்மா பேருக்குத்தானே…"

"நீங்கள் அங்கை இருந்து பேருக்கு எண்டனீங்கள். நான் இங்கை இருந்தனான். நாலு மாசம் எனக்குத் தண்ணி கொண்டுவந்து தந்தவன்."

"நிலாணி, வந்திட்டால் இங்கையிருந்து அவனையும் பாக்கலாம். முதல்லை நீ வா. சொன்னதைக் கேள்."

"எனக்கு வேண்டாமெண்டு அப்ப சொன்னனான். வாயை மூடு எண்டனீங்கள், மூடினனான்." குரல் உயரவில்லை. "இப்பவும் மூடச் சொல்லுறியள்."

பிறெஸ் சூடேறிவிட்டது என்று மணி அடித்தது. யாரோ போனைத் திருப்பிக் கேட்பது மறுபக்கத்தில் கேட்டது.

அந்தக் கிழமையில்தான் பசிபிக் போட்டி நடந்தது. சாப்பாட்டு அறைச் சுவரில் அருள்நாயகம் ஆட்ட அட்டவணையை ஒட்டி, கொம்பியூட்டரில் பார்த்து முடிவுகளைப் பேனையால் எழுதிவந்தார். சேலினாவின் தீவு மூன்று ஆட்டமும் தோற்றது. ஒரு கோலும் அடிக்கவில்லை. "முன்னுக்கு ஆளில்லை," என்றார் அருள்நாயகம். மகள் என்ன சொன்னாள் என்று அவர் கேட்கவில்லை. முகத்திலேயே தெரிந்திருக்கும்.

இருபத்தெட்டாம் நாள் பேர்ணடெற் இராஜரட்ணத்திடம் போனாள். கடிதம் வந்ததா என்று கேட்டார். வரவில்லை என்றாள், வராது என்றாள்.

"அப்ப பதில் அனுப்பாமல் இன்னும் கொஞ்ச நாள் கேட்டுப் பாப்பமே? மனம் மாறலாம்."

"கட்டினவள் எண்டு எழுதுங்கோ தம்பி."

"எழுதினால் இந்தக் கோப்பு முடிஞ்சுது அக்கா. பிறகு கொண்டுவாறது லேசில்லை. அநேகமா நடக்காது."

"தெரியும்."

அவர் எழுதினார். அவள் கையெழுத்து வைத்தாள். பிறகு கைப்பையிலிருந்து இன்னொரு படிவத்தை எடுத்து மேசையில் விரித்தாள். காணாமற்போனவர்களைத் தேடித் தரும்படி செஞ்சிலுவைச் சங்கத்துக்குக் கொடுக்கும் படிவம்.

"இதையும் நிரப்பித் தாங்கோ. பேர் வினோதன்."

"தகப்பன் பேர்?"

"தெரியாது."

"பிறந்த திகதி? உயரம்? அடையாளம் ஏதும்?"

ஒவ்வொன்றுக்கும் தெரியாது என்று தலையாட்டினாள். அவனை அவள் ஒரு படத்தில்கூடக் கண்டதில்லை.

"என்னக்கா இது, ஒண்டும் தெரியாமல் என்னெண்டு தேடுவினம்? விண்ணப்பிக்கிற ஆளுக்கு என்ன உறவு எண்டு எழுத?"

"மாமி எண்டு எழுதுங்கோ. நான்தான் கட்டிவைச்சனான்."

வினோதனைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. நிலாணி முகாமிலிருந்து வெளியே வந்து வவுனியாவில் ஒரு தையல் கடையில் நிற்கிறாள். மாதத்தில் ஒரு நாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு அந்தத் துண்டோடு அரச கந்தோர்களுக்கு அவனைத் தேடிப் போகிறாள். தாயும் மகளும் ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுகிறார்கள். கடிதத்தைப் பற்றி இருவரும் பேச்செடுப்பதில்லை. பேர்ணடெற் இன்னும் அதே பிறெஸ்ஸில் நிற்கிறாள், இன்னும் நாலு விரல்தான் வைக்கிறாள். மெத்தையை ஒஷாவாவிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டாள், பிளாஸ்ரிக்கோடு.

நிலாணிக்கு அனுப்பிய முதல் பார்சலில் அந்த ஒன்பதாம் இலக்கச் சட்டையை வைத்தாள். கிடைத்ததா, அளவாக இருக்கிறதா என்று அடுத்த ஞாயிறு கேட்டாள்.

"பெரிசு அம்மா," என்றாள் நிலாணி. "அவன் வந்தால் போடட்டும்."